இறுக்கினால் பிடிக்குமா?

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர் அடுத்துக் கைவைப்பது பெரும்பாலும் சஸ்பென்ஷனில்தான். கடைக்காரரைக் கேட்டாலும் நண்பரைக் கேட்டாலும் கிடைக்கும் அறிவுரை ஒன்றே: வண்டியைத் தாழ்த்து, ஸ்பிரிங்கை இறுக்கு. பந்தயத் தடத்துக்கு இதில் பாதி உண்மை இருக்கிறது. தினமும் சாலையில் ஓடும் காருக்கு இது தவறான அறிவுரை. மழை நாளில் ஆபத்தான அறிவுரையும்கூட. உலகெங்கும் அதிகமாகச் சஸ்பென்ஷன் மாற்றப்படும் கார்களில் ஒன்றான மஸ்டா எம்எக்ஸ்-5ஐ வைத்தே இதைப் பேசலாம். 1989இல் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானபோது அதன் எடை ஒரு டன்னைத் தொடவில்லை. நான்கு சக்கரங்களுக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். சாலைக்கென்றே பிறந்த கார் அது.

ஸ்பிரிங்கை இறுக்கினால் வளைவில் எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் போவது குறையும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். எவ்வளவு எடை மாறும் என்பதை முடிவு செய்பவை நான்கு: காரின் எடை, வளைவில் பக்கவாட்டில் எழும் விசை, எடை மையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலம். ஸ்பிரிங்குக்கு இதில் இடமே இல்லை. 1,000 கிலோ கார், மையத்தின் உயரம் 45 செ.மீ., சக்கர அகலம் 140 செ.மீ., வளைவில் 0.8 ஜி விசை என்றால் சுமார் 257 கிலோ வெளிப்பக்கம் போகும். ஸ்பிரிங் மெத்தென்று இருந்தாலும் கல்லாக இருந்தாலும், கார் சாய்வதால் வரும் சிறு வித்தியாசத்தைத் தவிர, அளவு அதேதான். காரை 3 செ.மீ. தாழ்த்தினால் 240 கிலோவாகும். மிச்சம் 17 கிலோ.

இறுக்கமான ஸ்பிரிங் குறைப்பது சாய்வை. சாய்வு குறைந்தால் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் சட்டென்று பதில் சொல்லும், உண்மைதான். அந்தச் சுறுசுறுப்பைப் பிடிமானம் என்று எடுத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பிடிமானம் டயருக்கும் தார்ச்சாலைக்கும் இடையிலுள்ள விஷயம். மேடுபள்ளத்தில் டயரைத் தரையோடு ஒட்ட வைக்கும் சஸ்பென்ஷன் அதைக் காப்பாற்றும். டயரைத் துள்ள விடும் சஸ்பென்ஷன் அதைத் தொலைக்கும். எம்எக்ஸ்-5இன் நான்காம் தலைமுறை வளைவில் அதிகம் சாய்கிறது என்று விமர்சகர்கள் குறை சொன்னார்கள். 2022 மாடலில் மஸ்டா கொண்டுவந்த தீர்வைக் கவனியுங்கள்: வளைவில் உள்பக்கப் பின்சக்கரத்துக்கு மிக லேசாக பிரேக் கொடுத்து, கார் மேலெழும்புவதை அடக்கும் ஏற்பாடு. முரட்டு ஸ்பிரிங்கைத் தேடிப் போகாமலே சாய்வைக் கட்டுப்படுத்தும் வழி அது.

தாழ்த்துவதைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேடு அதிகம் விளைவது இங்கேதான். சக்கரம் மேலே போய்வர ஒரு எல்லை உண்டு. அந்த எல்லையில் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பரோ ஃபோமோ நிற்கும். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5இல் அந்த இடைவெளி தொடக்கத்திலிருந்தே குறைவு. அதில் 4 செ.மீ. தாழ்த்தும் மலிவு ஸ்பிரிங்கைப் போட்டால், கார் பாதி நேரம் பம்ப் ஸ்டாப்பின் மேலேயே உட்கார்ந்து ஓடும். வளைவின் நடுவில் ஒரு பள்ளம் வந்தால் அந்தச் சக்கரத்தின் இறுக்கம் நொடியில் பல மடங்கு எகிறும். அது பின்சக்கரமாக இருந்தால் வால் வீசும். ஓட்டுநர் தன் கைவரிசையைக் குறை சொல்லிக்கொள்வார். குற்றம் அந்த ரப்பரிடம் இருக்கும்.

முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்டிரட் உள்ள கார்களில் இன்னொரு சிக்கல் உண்டு. தாழ்த்தும்போது சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கை மேல்நோக்கிச் சரிந்துவிடுகிறது. ரோல் சென்டர் என்று சொல்லப்படும் சாய்வின் மையம், எடை மையத்தைவிட வேகமாகக் கீழிறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடைவெளி கூடுவதால், தாழ்த்திய கார் அதே ஸ்பிரிங்கில் முன்னைவிட அதிகமாகச் சாய முற்படும். அதை அடக்க இன்னும் இறுக்கமான ஸ்பிரிங், அதன் துள்ளலை அடக்க அதற்கேற்ற ஷாக் என்று செலவு நீளும். நம் ஊர் வேகத்தடைகளைச் சொல்லவே வேண்டாம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988இல் வகுத்த அளவு 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். தெருவில் கிடப்பவை பல அந்த அளவைப் பார்த்ததே இல்லை.

பந்தய கார்கள் இறுக்கமாகத்தானே இருக்கின்றன என்ற வாதமும் உண்டு. விங் வைத்த பந்தய கார் வேகமெடுக்கும்போது காற்று அதை நூற்றுக்கணக்கான கிலோ எடையோடு கீழே அழுத்துகிறது. அதைத் தாங்கத்தான் அந்த இறுக்கம். தடமும் பெரும்பாலும் வழவழப்பாக இருக்கும். மேடுபள்ளம் நிறைந்த நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபே தடத்துக்குப் போகும் அணிகள் சஸ்பென்ஷனைத் தளர்த்திக்கொள்வது வழக்கம். சாலைக்குக் கிட்டத்தில் வரும் தடம் அதுதான்.

ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த காயில் ஓவரில் ஷாக்கை இறுக்கித் தளர்த்த 32 கிளிக் இருக்கிறது, வேண்டியபடி வைத்துக்கொள்ளலாம் என்று விற்பார்கள். எத்தனை கிளிக் என்பது தரத்தைக் காட்டாது. ஒவ்வொரு வேகத்திலும் ஷாக் எவ்வளவு விசை தருகிறது, இடது வலது இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்பதை ஷாக்கைச் சோதிக்கும் டைனோ இயந்திரத்தின் வரைபடம்தான் காட்டும். கோனியின் மஞ்சள் நிற ஷாக்கில் திருகு கட்டுப்படுத்துவது ரீபவுண்டை, அதாவது அமுங்கிய ஷாக் மீண்டும் நீள்வதை, மட்டும். அதையும் அளவுக்கு மீறி இறுக்கினால், ஒரு பள்ளத்தில் அமுங்கிய சக்கரம் அடுத்த பள்ளத்துக்குள் முழுசாக நீளாது. தொடர் பள்ளங்களில் கார் படிப்படியாகத் தாழ்ந்து, கடைசியில் பம்ப் ஸ்டாப்பில் போய் நிற்கும்.

ஆனால் மாற்றியவர்கள் எல்லோரும் கார் நன்றாக இருக்கிறது என்கிறார்களே என்றால், அவர்கள் பொய் சொல்லவில்லை. கழற்றி எறிந்ததைப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் ஓடிய ஷாக்கில் எண்ணெய் கசிந்திருக்கும், வாயு அழுத்தம் போயிருக்கும். இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்கள் வெடித்திருக்கும். புதுசு போட்ட கையோடு வீல் அலைன்மென்டும் செய்திருப்பார்கள். செத்த ஷாக்கின் இடத்தில் உயிருள்ள ஷாக் வந்ததன் பலன் அது. பெயர் தட்டிச் செல்வது தாழ்வும் இறுக்கமும். அதே காரில் கம்பெனி உயரத்துக்கே செய்த நல்ல ஷாக், புதிய புஷ், சரியான அலைன்மென்ட் போட்டு ஓட்டிவிட்டு ஒப்பிடுவது அல்லவா நியாயம்? பில்ஸ்டைனில் பி6 கம்பெனி உயரத்துக்கானது, பி8 தாழ்த்திய ஸ்பிரிங்குக்கென்று உடலைக் குட்டையாக்கிச் செய்தது. இரண்டும் தனித்தனியாக இருப்பதே, ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஷாக்கில் ஓட்டக் கூடாது என்பதற்குச் சாட்சி.

கொஞ்சம் தாழ்த்தியே தீர வேண்டும் என்பவருக்கு 2 செ.மீ. போதும், அதுவும் அதற்கென்றே செய்த ஷாக்கோடு. வாங்கும் முன் ஷாக்கின் தண்டில் ஒரு கேபிள் டை கட்டி, வழக்கமாகப் போகும் சாலையில் ஓட்டிவிட்டு வாருங்கள். அது எதுவரை தள்ளப்பட்டிருக்கிறதோ அதுவரை உங்கள் சாலை உங்கள் சக்கரத்தைத் தூக்குகிறது. பம்ப் ஸ்டாப்புக்கு மிச்சம் எத்தனை செ.மீ. என்று அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். அவர்கள் விற்கும் செட்டைப் போட்டால் அதில் எத்தனை செ.மீ. மிஞ்சும் என்று கேளுங்கள். அந்த எண்ணைச் சொல்லத் தெரியாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.