மடக்கு ஹெல்மெட் வருமா?

ஆபீஸ் போனால் மேஜைக்கு அடியில். கடைக்குப் போனால் கையில். சினிமாவுக்குப் போனால் மடியில்! ஹெல்மெட்டை எங்கே வைப்பது என்பதே ஸ்கூட்டர்காரர்களின் தீராத தலைவலி. வண்டிக் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போனால், திரும்பி வருவதற்குள் எவனாவது அபேஸ் பண்ணிவிடுகிறான்.

நியூயார்க்கில் ஐசிஸ் ஷிஃபர் என்ற பெண் இதற்கு ஒரு வழி கண்டார். வாடகை சைக்கிள் ஓட்டுவோருக்காக, தேன்கூடு போன்ற காகித ஹெல்மெட். மடித்தால் வாழைப்பழம் அளவுதான்! 2016-ல் ஜேம்ஸ் டைசன் பரிசும் கிடைத்தது.

"அதையே நாமும் போட்டால் என்ன?" என்று கேட்காதீர்கள். அது சைக்கிளுக்கு. மோட்டார் சைக்கிள் வேகமே வேறு. மேலே கெட்டி ஓடு, உள்ளே தெர்மகோல். கீழே விழுந்தால் தெர்மகோல் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். மடக்குவதற்காக நடுவில் கீல் வைத்து, அடி அந்தக் கீலிலேயே விழுந்தால்? ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே 2021 ஜூன் முதல் தடை இருக்கிறது.

மடங்கவும் வேண்டும், மண்டையும் தப்ப வேண்டும். நம் என்ஜினீயர்கள் இதில் கொஞ்சம் மூளையைச் செலவிடட்டும். அதுவரை வண்டி ஸ்டாண்டுகளில் நாலு அலமாரி போட்டால் என்ன? வண்டிக்கு டோக்கன் கொடுத்துக் காசு வாங்குகிறவர்கள், ஹெல்மெட்டுக்கு மட்டும் "நாங்க பொறுப்பில்லை சார்" என்கிறார்களே!