பழகிய கை எங்களுக்கும் வேண்டும்: திருப்புட்குழிப் பிரகடனம்

ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது தொடை இடுக்கில் குடலிறக்கம் வருகிறது. உலகெங்கும் ஆண்டுக்கு 2 கோடிக்கு மேற்பட்டோர் இதற்காக அறுவை செய்துகொள்கிறார்கள். இவ்வளவு சாதாரணமான நோயை எங்கள் பக்கத்தில் இன்னும் வேட்டிக்குள் மறைக்கிறார்கள். பெல்ட் கட்டிக்கொண்டு தறியில் உட்காருகிறார்கள். இறங்கிய குடல் உள்ளே போகாமல் சிக்கி, இரத்த ஓட்டம் நின்று, வாந்தியும் வலியுமாக நள்ளிரவில் வண்டி தேடும்போதுதான் வீட்டாருக்கே தெரிகிறது. இது மாற வேண்டும் என்று காஞ்சிபுரம் அருகே திருப்புட்குழியில் கூடிய நெசவாளர்களும் விவசாயிகளும் மருத்துவப் பணியாளர்களுமாகிய நாங்கள் இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

கரையைத் தனியே கோர்த்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு ஒரு தறியில் இருவர் வேண்டும். ஒருவர் படுத்தால் மற்றவர் கூலியும் நிற்கும். ஆகவே எத்தனை நாளில் தறிக்குத் திரும்பலாம், வலி மிச்சமிருக்குமா என்பவை எங்கள் அடுப்பைத் தொடும் கேள்விகள். சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்தி, வயிற்றுச் சுவரின் பின்புறம் வலை பதிக்கும் லேப்ராஸ்கோபி முறையில் வலி குறைவு. வேலைக்குத் திரும்புவதும் விரைவு. இருபுறமும் இறங்கியவர்களுக்கு அதே துளைகள் வழியே இரண்டையும் சரிசெய்யலாம். முன்பு திறந்து செய்த இடத்தில் மறுபடி வந்தவர்களுக்கும், பெண்களுக்கும், தேர்ந்த மருத்துவர் இருந்தால் இந்த முறையே ஏற்றது என்று 2018-இல் வெளியான சர்வதேச வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. பெண்களைப் பற்றி அழுத்தியே சொல்கிறோம். தொடையின் இரத்தக் குழாயை ஒட்டி இறங்கும் வகை ஆண்களைவிட அவர்களிடம் அதிகம். முன்பக்கம் திறந்து செய்யும்போது அது கண்ணில் படாமல் போகக்கூடும். சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் அந்த வகைக்கே கூடுதல்.

எல்லோருக்கும் துளைதான் போட வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் முதல்முறையாக வந்தவருக்குத் திறந்து வலை வைக்கும் லிக்டென்ஸ்டைன் முறை இன்றும் நல்ல மருத்துவம். இதயமோ நுரையீரலோ பழுதானவருக்கு, அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து திறப்பதே பாதுகாப்பு. எந்த உடலுக்கு எது பொருந்தும் என்று பார்த்து முடிவெடுக்க, இரண்டு வழியும் கைவந்த மருத்துவர் வேண்டும். ஒன்றே தெரிந்தவரிடம் நோயாளிக்குத் தேர்வு ஏது?

கைவருவது எளிதல்ல என்பதையும் மறைக்க மாட்டோம். அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து 2004-இல் வெளியான பெரிய ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குள் நோய் திரும்பியது லேப்ராஸ்கோபியில் 100-க்கு 10 பேருக்கு. திறந்த முறையில் 5 பேருக்கு. ஆனால் 250-க்கு மேல் செய்து பழகியவர்களிடம் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருந்தது. இந்த முறையில் தேற 50 முதல் 100 அறுவைகள் ஆகும் என்பது இன்றைய கணிப்பு. புதிதாகத் தறியில் இறங்கியவன் கையில் யாரும் கோர்வைச் சேலையைக் கொடுப்பதில்லை. பக்கத்தில் ஒரு மூத்த கை இருக்கும். இளம் அறுவை மருத்துவர்களுக்கும் அந்த மூத்த கை வேண்டும். இரண்டு நாள் பயிலரங்கில் கலந்துகொண்டு சான்றிதழ் வாங்கி வருவது அதற்கு ஈடாகாது.

இந்தியாவில் லேப்ராஸ்கோபி முறையில் முதல் பித்தப்பை அறுவையை டாக்டர் தெஹெம்டன் உத்வாடியா செய்தது 1990-இல், மும்பையின் ஜே.ஜே. என்ற அரசு மருத்துவமனையில். ஏழைகள் வரும் வார்டில் வேர்விட்ட இந்த முறை காசுள்ளவர்களின் வசதியாகச் சுருங்குவதை நாங்கள் ஏற்கவில்லை. கோவையில் டாக்டர் சி. பழனிவேலு போன்றவர்கள் இதை வளர்த்து, பலருக்குக் கற்றுத்தந்த தமிழ்நாடு இது. அந்தப் பயிற்சி மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் அன்றாட வேலைக்குள் வர வேண்டும். தேர்ந்த ஆசிரியர் மாதந்தோறும் வந்து, பயில்பவருடன் அறுவை மேசையில் நிற்க வேண்டும். கருவி பழுதானால் மாதக்கணக்கில் மூலையில் கிடக்கக் கூடாது. சுவீடன் 1992 முதல் குடலிறக்க அறுவைகளுக்கென்று பதிவேடு வைத்திருக்கிறது. தமிழ்நாட்டுக்கும் ஒன்று வேண்டும்: எந்த முறை, யாருக்குத் திரும்ப வந்தது, யாருக்கு வலி நீடித்தது என்று ஆண்டுக்கணக்கில் தொடரும் பதிவேடு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளும்; பழகிய கை எங்கே என்று அந்த அட்டை சொல்லாது.

யாதவப் பிரகாசரிடம் இராமானுசர் பாடம் கேட்டது எங்கள் ஊரில். ஆசான் சொன்ன பொருளுக்கு மனம் ஒப்பாதபோது அவர் மறுத்துப் பேசினார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. குருவிடமே கேட்ட ஊரில் டாக்டரிடம் கேட்பது மரியாதைக் குறைவாகாது. “எனக்கு எந்த முறை, ஏன்? இந்த முறையில் நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்? நீங்கள் செய்யாததாக இருந்தால் யாரிடம் அனுப்புவீர்கள்?” இவற்றைக் கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. “எனக்கு அவ்வளவு பழக்கமில்லை, அவரிடம் போங்கள்” என்று சொல்லும் மருத்துவரைச் சிறுமைப்படுத்தாமல் மதிக்கும் கடமை எங்களுக்கு உண்டு.

இந்த மூன்று கேள்விகளையும் பெரிய எழுத்தில் ஒரே தாளில் அச்சிடுகிறோம். தறிக்கூடங்களிலும் ரேஷன் கடைகளிலும் பாலுசெட்டிச் சத்திரம் பேருந்து நிறுத்தத்திலும் கொடுப்போம். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுவோம். தனியே போகக் கூச்சப்படுபவருடன் எங்களில் ஒருவர் மருத்துவமனைக்குப் போவார், பெண்களுடன் பெண்களே போவார்கள்.