ஸ்கான் நார்மல் என்றால் எல்லாம் நார்மலா?

"பொம்பிளைப் பிள்ளையெண்டா மாசா மாசம் வயித்துக்குத்து வரத்தானே செய்யும்." இந்த ஒரு வசனத்தாலேயே எங்கட வீடுகளில் ஒரு நோய் வருசக்கணக்கா மூடி மறைக்கப்படுகிறது. வலி தாங்கேலாமல் போய், கடைசியில் ஒரு ஸ்கான் எடுத்து, அதிலும் 'நார்மல்' என்று வந்துவிட்டால் கதை முடிந்தது. "ஒண்டுமில்லையாம், இவள் சும்மா பயந்திட்டாள்."

மற்றப் பக்கம், போனைத் திறந்தால் "எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் கான்சர் வரும்" என்று வீடியோ மேல வீடியோ. ஒண்டுமில்லை என்பதும் பிழை, கட்டாயம் வரும் என்பதும் பிழை.

கருப்பையின் உட்சுவரில் இருப்பதைப் போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் பத்துப் பேரில் ஒருவருக்கு, உலகம் முழுக்க ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு இது இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சூலகத்தில் வந்தால் பழைய இரத்தம் தேங்கிக் கட்டியாகும். நிறத்தைப் பார்த்து 'சொக்லேட் சிஸ்ட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்த இழையத்திலிருந்து புற்றுநோய் உருவாகலாம் என்று அமெரிக்க வைத்தியர் ஜோன் சாம்ப்சன் 1925இலேயே எழுதினார். ஆனால் எவ்வளவு பேருக்கு? பொதுவாக 1000 பெண்களில் 13 பேருக்கு வாழ்நாளில் சூலகப் புற்றுநோய் வருகிறது. எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களில் அது 25 பேர் அளவில் என்பது ஐரோப்பிய வழிகாட்டிகள் தரும் கணக்கு. 2024இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்து வந்த ஆய்வு 'நாலு மடங்கு' என்று தலைப்புச் செய்தியானது. அதே ஆய்வு, 10,000 பெண்களுக்கு மேலதிகமாக வருவது ஏறக்குறைய 10 பேர் என்றும் சொன்னது. அதை ஒருத்தரும் தலைப்பாக்கவில்லை.

சரி, அந்தச் சிலரை எப்படிக் கண்டுபிடிக்கிறது? இங்கேதான் படம் முக்கியமாகிறது.

சாதாரண சொக்லேட் சிஸ்ட் அல்ட்ராசவுண்டில் புகைபிடித்த கண்ணாடி மாதிரி ஒரே சீராக மங்கலாகத் தெரியும். சுவரிலிருந்து உள்ளே ஒரு திண்மமான முடிச்சு நீட்டிக்கொண்டிருந்தால், அதற்குள் இரத்த ஓட்டமும் தெரிந்தால், சந்தேகப்பட வேணும். உறைந்த இரத்தமும் முடிச்சு மாதிரித் தெரியலாம், ஆனால் அதில் ஓட்டம் இருக்காது. கர்ப்ப காலத்தில் தீங்கில்லாத சிஸ்டும் புற்றுநோய் போல வேசம் போடும். அதனால் பார்க்கிறவருக்கு அனுபவம் வேணும்.

எம்.ஆர்.ஐ.யில் இன்னொரு சிக்கல். கொன்ட்ராஸ்ட் மருந்து ஏற்றினால் புற்றுநோய் முடிச்சு வெள்ளையாக ஒளிரும். ஆனால் சிஸ்டுக்குள் இருக்கும் பழைய இரத்தம் ஏற்கெனவே வெள்ளை. வெள்ளைக்குள் வெள்ளையை எப்படித் தேடுவது? மருந்து ஏற்றிய பிறகு எடுத்த படத்திலிருந்து, ஏற்ற முதல் எடுத்த படத்தைக் கணினியில் கழிப்பார்கள். மிஞ்சி ஒளிர்வதுதான் இரத்தம் பாய்கிற உயிருள்ள இழையம். அந்தக் கழித்தலைச் செய்யாவிட்டால் சின்ன முடிச்சொன்று தவறிப்போகலாம்.

என்ன தேடுகிறோம் என்று தெரிந்தால்தான் இந்தக் கழித்தலைச் செய்ய வேணும் என்று ஒருவருக்குத் தோன்றும். ஸ்கான் துண்டில் 'வயிற்று வலி' என்று மட்டும் எழுதியிருந்தால், படம் எடுப்பவர் குடல்வால்வையும் சிறுநீரகக் கல்லையும்தான் முதலில் பார்ப்பார். 'ஏழு வருசமா மாதவிடாய் வலி, முந்தி சொக்லேட் சிஸ்ட் இருந்தது' என்று இருந்தால் பார்வையே மாறும். வாய் திறந்து சொல்லாத வலி துண்டில் ஏறாது. துண்டில் இல்லாதது படத்திலும் பெரும்பாலும் இருக்காது.

கலியாணம் கட்டாத பிள்ளைகளுக்கு இது இன்னும் மோசம். யோனி வழியாகச் செய்யும் ஸ்கானில்தான் சூலகம் தெளிவாகத் தெரியும். அதைப் பற்றி வீட்டில் கதைக்கவே கூச்சம், வயிற்றுக்கு மேலால் எடுத்ததோடு விட்டுவிடுகிறோம். வேண்டாம் என்றால் அது அவளின் உரிமை. ஆனால் அந்த முடிவு அவளுடையதாக இருக்க வேணும், அம்மாவினதோ அயலட்டையினதோ அல்ல. எம்.ஆர்.ஐ. போன்ற மாற்று வழிகளையும் கேட்கலாம். மேலோட்டமான எண்டோமெட்ரியோசிஸ் எந்த ஸ்கானிலும் தெரியாமல் போகலாம் என்பதையும் மறக்கக்கூடாது. வலி இருக்கும்போது 'நார்மல்' என்றால் இந்தப் படத்தில் தெரியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

அப்ப எல்லாரும் வருசா வருசம் ஸ்கான் எடுப்பமா? வேண்டாம். பிரித்தானியாவில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. அறிகுறி இல்லாதவர்களை ஸ்கானாலும் சி.ஏ.125 இரத்தப் பரிசோதனையாலும் தேடிப் பார்த்ததில் சூலகப் புற்றுநோய் இறப்பு குறையவில்லை. சி.ஏ.125 எண்டோமெட்ரியோசிஸிலும் கூடும், தனிய அதை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது. தேவையில்லாத பயம் தேவையில்லாத ஒப்பரேசனில் போய் முடியும்.

கேட்க வேண்டியது வேற. சிஸ்ட் இருப்பது தெரிந்தவர்களுக்கு ஒழுங்கான தொடர் கவனிப்பு வேணும். ரிப்போர்ட்டில் 'சிஸ்ட் உண்டு' என்ற ஒற்றை வரி போதாது. அளவு என்ன, முடிச்சு உண்டா, இரத்த ஓட்டம் உண்டா, போன முறையைவிட மாறியிருக்கா என்று எழுதப்பட வேணும். பழைய ரிப்போர்ட்டுகளைக் கிளினிக் கொப்பிக்குள்ளேயே பத்திரமா வையுங்கோ, ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் உதவும். சிஸ்ட் வேகமா வளர்ந்தால், வலியின் தன்மை மாறினால், மாதவிடாய் நின்ற பிறகும் பெருத்தால் காத்திருக்க வேண்டாம்.

எண்டோமெட்ரியோசிஸிலிருந்து வரும் சூலகப் புற்றுநோய் மற்ற வகைகளைவிட அதிகமாக ஆரம்ப நிலையிலேயே பிடிபடுகிறது. நேரத்துக்குக் கண்டால் காப்பாற்றலாம். மெசின் இருக்கிறது, படிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் ஒரு பிள்ளை "வலிக்குது" என்று சொன்னால் அதை நம்பி, அவள் சொன்னதை அப்படியே டொக்டரிடம் சொல்லவிடுகிற வேலை மட்டும் எங்கட.