கபாடிக்குப் போடச் சொன்ன பொட்டி

"இதை கபாடிக்குப் போட்டுடுங்க சார்" என்று இந்தியில் சொன்னார் நாக்பூர் கடைக்காரர். (கபாடி என்றால் இங்கே பழைய இரும்புக்கடை. புதுசாக மாற்றலாகி வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்.) புதுசு நாற்பதாயிரத்துக்கு மேலே ஆகுமாம்.

2016-ல் வாங்கிய பொட்டி. மூன்று மாற்றல், மூன்று லாரிப் பயணம் பார்த்தும் ஒரு நாள் மக்கர் பண்ணியதில்லை. அது செய்த குற்றம்தான் என்ன? 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். நம்முடையது ஆறு.

நான் வங்கிக்காரன். எங்கள் புத்தகத்தில் கணினிக்கு வருசம் 33.33 சதவீதம் தேய்மானம், மூன்றே வருசத்தில் மதிப்பு பூஜ்யம். அதுக்காக நாலாம் வருசம் கவுண்டர் பொட்டியைத் தூக்கி வெளியே வீசுகிறோமா? ஓடுகிற வரை ஓட்டுகிறோம். ஆனால் வீட்டுக்கு வந்தால் மட்டும் கடைக்காரர் சொன்னதும் நம்மாட்கள் பர்ஸை எடுத்துவிடுகிறோம்.

எதிர்முகாம் இன்னும் மோசம். லினக்ஸ் பக்தரான நண்பர், "விண்டோஸை வழித்துத் துடைச்சிடுங்க" என்றார். ஐயா சாமி, நான் பி.காம் படிக்கும்போது அப்பா விடுதிக்கு எழுதிய இன்லண்ட் லெட்டர் ஒரு கட்டு இருக்கிறது. மை மங்குவதற்குள் ஸ்கேன் செய்தாக வேண்டும். என் ஓட்டை ஸ்கேனருக்கு டிரைவர் விண்டோஸில்தான் இருக்கிறது. கொள்கைக்காக அதையும் கபாடிக்குப் போடவா?

ஒரே வீட்டில் ரெண்டு அடுப்பு. அதுதான் என் தீர்ப்பு. ஒரு ஞாயிறு மதியம் போதும். முதலில் எல்லாவற்றையும் வெளி வன்தட்டில் நகல் எடுங்கள்; இதைத் தாண்டிவிட்டு அப்புறம் என்னைத் திட்டக்கூடாது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே 60 ஜிபியைச் சுருக்கிக் காலியாக விட்டேன். பென் டிரைவிலிருந்து லினக்ஸ் மின்ட், விண்டோஸுக்குப் பக்கத்திலேயே. இப்போது பொட்டியைப் போட்டதும் எது வேண்டும் என்று அதுவே கேட்கிறது.

சறுக்கிய இடங்களும் உண்டு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைக்க மறந்தேன். விண்டோஸ் முழுசாக மூடாமல் அரைத்தூக்கத்தில் கிடந்தது, லினக்ஸிலிருந்து அந்தப் பக்கம் ஒரு கோப்பைக்கூட எழுத முடியவில்லை. அடுத்தது கடிகாரம். லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்க, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாகப் படிக்க, சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விட்டது! தங்கமணி காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் பொட்டி விடிகாலை நாலு என்கிறது. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றியதும் சரியானது.

விண்டோஸுக்கு இணையத்தைத் துண்டித்துவிட்டேன். புதுப்பிப்பு நின்றுபோனதில் பணப் பரிவர்த்தனை செய்யாதீர்கள், இது வங்கிக்காரனாகச் சொல்வது. நெட் பேங்கிங், பெண்ணின் பாடம், தமிழ்99 தட்டச்சு எல்லாம் மின்ட்டில். விண்டோஸுக்கு ஸ்கேனர் ஒன்றுதான் வேலை.

1999 வரை கடிதங்கள் ஏறியாச்சு. வர்ற ஞாயிறு 2000.