வீடு வண்டியில், வேலை வயலில்

இளைப்பாறியவர் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது விறாந்தையில் கிடக்கும் சாய்மனைக் கதிரையும், மடியில் விரித்த ஞாயிற்றுப் பத்திரிகையுமே. அமெரிக்காவிலோ அறுபதையும் எழுபதையும் எட்டிய சிலர், ஒக்டோபர் மாதக் குளிரில் தலைக்கவசமும் ஒளிரும் மேலங்கியும் அணிந்து, நள்ளிரவில் மண்வெட்டியுடன் லொறிகளுக்கு வழிகாட்டி நிற்கின்றனர். அவர்களுக்கு வீடு உண்டு. ஆனால் அவ்வீட்டுக்கு அத்திவாரம் இல்லை, சக்கரங்களே உண்டு.

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி யாவும் அடங்கிய அவ்வண்டியை அந்நாட்டார் ஆர்.வி. என அழைப்பர். விடுமுறை உல்லாசத்துக்கென உண்டான அதனையே நிரந்தர வாசஸ்தலமாக்கி, பருவத்துக்குப் பருவம் வேலை தேடிச் செல்வோர் பல்லாயிரவர்.

மினசோட்டாவுக்கும் வட டக்கோட்டாவுக்கும் எல்லையாக ஓடும் ரெட் நதியின் பள்ளத்தாக்கிலே விளைவது சீனிப் பீற்றூட். நாம் கறி சமைக்கும் பீற்றூட்டின் இனமே எனினும் இதன் கிழங்கு வெண்ணிறமானது. 1747 இல் பேர்லின் நகரில் மார்கிராஃப் என்னும் இரசாயன அறிஞர், கரும்பிலுள்ள சீனியே இதிலும் உண்டெனக் காட்டினார். நெப்போலியன் காலத்தில் கடல்வழிச் சீனி தடைப்பட்டபோது, ஐரோப்பாவில் இது பெருந்தொழிலாயிற்று.

இவ்வறுவடையின் விசித்திரம் யாதெனில், அதற்குக் குளிர் வேண்டும். ஆனால் மிகுந்த குளிர் ஆகாது. தோண்டிய கிழங்கை ஆலைகள் உடனே அரைத்து முடிக்க இயலாது. ஆகவே வெட்டவெளியில் குன்றுபோற் குவித்து மாதக்கணக்கில் வைத்திருப்பர். குவியலினுள்ளும் கிழங்கு சுவாசிக்கின்றது. தன் சீனியைத் தானே உண்கின்றது. வெப்பம் கூடினால் அழுகியும் போகும். எனவே பகல் சுட்டால் வேலை நிறுத்தம்; மழை பெய்தால் நிறுத்தம்; கிழங்கு உறைந்தாலும் நிறுத்தம். ஒக்டோபர் முதலாந் திகதியளவில் தொடங்கும் பேரறுவடையைச் சில வாரங்களுள் முடித்தாக வேண்டும். நம்மூர் உழவர் போகத்துக்குப் போகம் வானத்தை அண்ணாந்து பார்ப்பதுபோலவே அவர்களும் பார்க்கின்றனர்.

அதனாலேயே பன்னிரண்டு மணி நேர முறைகளில் இரவு பகலாக வேலை நடைபெறுகின்றது. அவ்வளவு கைகளுக்கு உள்ளூர் போதாது. வண்டி வீட்டார் அழைக்கப்படுகின்றனர். லொறி கொட்டும் கிழங்கைப் பெரும் இயந்திரமொன்று மேலேற்றிக் குவிக்க, இவர்கள் சீனியின் அளவைச் சோதிப்பதற்கு மாதிரி எடுப்பர். சிந்திய சேற்றையும் கிழங்கையும் வாரி ஒதுக்குவர். கூலியுடன், மின்சாரமும் தண்ணீரும் கொண்ட தரிப்பிடமும் இலவசமாகக் கிடைக்கும்.

கோடையில் இவர்களுட் பலர் வனங்களிலுள்ள முகாம்களின் காவலர்கள். வந்தோரிடம் கட்டணம் வாங்குதல், தீக்குழிகளிற் சாம்பல் அள்ளுதல், மலசலகூடங் கழுவுதல் என்பன அவர்தம் கடமைகள். பைன் மரநிழலும் மலைக்காற்றும் விளம்பரங்களில் வரும். துடைப்பம் சிறிய எழுத்திலேயே வரும்.

இவர்கள் ஏன் வீட்டைத் துறந்தனர்? ஊர் சுற்றும் ஆசையால் புறப்பட்டோர் உளர். 2008 ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் வீட்டையும் சேமிப்பையும் இழந்தோரும் உளர். ஜெசிக்கா புரூடர் என்னும் பத்திரிகையாளர் தாமும் வண்டியொன்று வாங்கி, பீற்றூட் அறுவடையிலும் வேலை செய்து, 2017 இல் 'நோமாட்லாண்ட்' என்ற நூலை வெளியிட்டார். அதைத் தழுவிய திரைப்படம் 2021 இல் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் பரிசினை வென்றது. இவர்களைச் சுதந்திரப் பறவைகள் என்று புகழ்வாரும், அநாதைகள் என்று இரங்குவாரும் பாதி உண்மையையே கூறுகின்றனர் என்பது என் எண்ணம். வாடகைக்கும் ஓய்வூதியத்துக்கும் இடையிலுள்ள பள்ளத்தை ஒருவர் தம் முதுகெலும்பால் நிரப்புகின்றார். ஆயினும் மாலையில் அயல் வண்டிக்காரருக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்துச் சிரிக்கவும் செய்கின்றார்.

இன்னொரு சங்கடம் முகவரி. சாரதிப் பத்திரத்துக்கும் வாக்குக்கும் ஊர்ப்பெயர் ஒன்று வேண்டுமே! டெக்சாஸிலுள்ள லிவிங்ஸ்டன் என்னும் சிற்றூரில் இத்தகையோரின் கடிதங்களைப் பெற்று அனுப்பும் நிலையம் ஒன்றுண்டு. அங்கு ஓரிரவும் தங்காதவருக்கும் அவ்வூர் சொந்த ஊராகிவிடுகின்றது.

அறுவடை முடிந்து கிழங்குக் குவியல் உறையத் தொடங்கும்போது, வண்டிகளின் தண்ணீர்க் குழாய்களும் உறையத் தொடங்கும். கிழங்கைக் காக்கும் அக்குளிரே மனிதரைத் துரத்துகின்றது. அவர்கள் தெற்கே அரிசோனாப் பாலைவனத்தின் குவாட்ஸைட் நோக்கிப் புறப்படுவர். அங்கே அரசாங்க நிலத்தில், ஏப்ரில் நடுப்பகுதி வரை ஒரே அனுமதிச் சீட்டுடன் தங்கலாம். கள்ளிச் செடிகளின் நடுவே கதிரை போட்டமர்ந்து, அடுத்த கோடைக்கு எந்த வனத்தில் வேலை கிடைக்கும் என்று விண்ணப்பம் எழுதத் தொடங்குவர்.