ரெண்டில் ஒண்ணு

சட்டையில் பட்டன் அறுந்து போனால் என்ன செய்வீர்கள்? கல்யாணமாகாத ஆசாமி என்றால் பழைய சட்டையிலிருந்து ஒன்றைப் பிய்த்துத் தைத்துக்கொள்வீர்கள். கல்யாணமானவர் என்றாலும் அதேதான். தைப்பதற்கு முன் கொஞ்சம் திட்டு வாங்குவீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதே வேலையை டன் கணக்கில் செய்கிறவர்களைத் திருவண்ணாமலையில் பார்த்தேன். அவலூர்பேட்டை ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை. அங்கே பட்டனுக்குப் பதில் இன்ஜின், சட்டைக்குப் பதில் செயின் டோசர். டயர் இல்லாமல் இரும்புச் செயின் மேல் ஊர்ந்து போகுமே, அந்த வண்டி.

இதன் பூர்வீகம் கலிஃபோர்னியா. அங்கே ஸ்டாக்டன் பக்கம் சதுப்பு மண்ணில் சக்கரம் வைத்த டிராக்டர்கள் புதைந்துகொண்டே இருந்தன. பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பட்டை பட்டையாய்ச் செயின் மாட்டி 1904 நவம்பர் 24-ல் ஓட்டிப் பார்த்தார். புதையவில்லை. கம்பளிப்பூச்சி மாதிரி ஊர்கிறதே என்றார் ஒரு போட்டோகிராபர். அந்தப் பெயர்தான் பிற்பாடு உலகப் பிரசித்தி பெற்ற 'கேட்டர்பில்லர்' கம்பெனியானது.

திருவண்ணாமலைச் சீமையில் சதுப்பு கிடையாது. கல்லும் கரம்பும்தான். கல்லைத் தள்ளி, மேட்டைச் சீவி, மல்லாட்டை போடுகிற மாதிரி நிலத்தைத் திருத்த இந்த வண்டி வேண்டும். (மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. அந்த ஊரில் வேர்க்கடலை என்று கேட்டால் வெளியூர்க்காரர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.) அரசாங்கத்தின் வேளாண்மைப் பொறியியல் துறையும் புல்டோசரை மணிக் கணக்கில் வாடகைக்கு விடுகிறது. தனியாரும் விடுகிறார்கள்.

நான் பார்த்த தனியார், முப்பது வயது இளைஞர். அவரிடம் ரெண்டு வண்டி. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ரெண்டும் ஓடாது. முதலாவது, அவருடைய அப்பா வாங்கியது. இன்ஜின் நன்றாக இருக்கிறது, ஆனால் அடிச்சட்டத்தில் விரிசல். வெல்டிங் வைத்து வைத்து, வெல்டிங் மேலேயே வெல்டிங். இன்னொன்று ஏலத்தில் எடுத்தது. சட்டம் கல்லு மாதிரி. புகைக்குழாய் மேல் கவிழ்க்க வேண்டிய டப்பாவை யாரோ கவிழ்க்காமல் விட்டதில், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி இன்ஜின் இறுகிவிட்டது.

"ரெண்டையும் எழுப்பிடலாமா, மேஸ்திரி?" என்றார் இளைஞர்.

மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். பீடியைக் காதிலிருந்து எடுத்தார், மறுபடி காதிலேயே வைத்தார். "எது சாவணும்னு மொதல்ல சொல்லு தம்பி. அப்புறம்தான் ஸ்பேனரைத் தொடுவேன்."

நான் பி.காம். படித்தவன். கணக்குப் புத்தகத்தில் எந்த மெஷினும் சாவதில்லை. வருஷா வருஷம் மிச்ச மதிப்பில் 15 சதவீதம் தேய்மானம் கழிக்கிறோம். பத்து லட்ச ரூபாய் மெஷின் முப்பது வருஷம் கழித்தும் ஏட்டில் சுமார் 7,600 ரூபாய்க்கு உயிரோடு இருக்கும். பூஜ்யமே வராது. கொட்டகையில் அப்படி இல்லை. தேதி குறிக்க வேண்டியிருக்கிறது.

காரணத்தை மேஸ்திரியே சொன்னார். தேதி குறிக்காமல் ஆரம்பித்தால் இன்றைக்கு இதிலிருந்து டைனமோ அதற்குப் போகும், நாளைக்கு அதிலிருந்து ரேடியேட்டர் இதற்கு வரும். ஆறு மாசத்தில் எதில் எது இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ரெண்டு அரை வண்டி கிடைக்கும். அரையும் அரையும் சேர்ந்தால் ஒன்று என்பது ஸ்கூல் கணக்கு, கொட்டகைக் கணக்கு இல்லை.

மாற்றுவதிலும் சாஸ்திரம் இருக்கிறது. மாடல் பெயர் ஒன்றாக இருந்தால் போதாது. சீரியல் நம்பர் வரிசை மாறினால் உள்ளே போல்ட் துளையே மாறியிருக்கும். கிரவுன், பினியன் என்ற பல்சக்கரங்களை ஜோடியாகத்தான் கழற்றணும், ஜோடியாகத்தான் மாட்டணும். ஜோடி மாறினால் சத்தம் ஊரைக் கூட்டும். தேய்ந்த செயினைப் புதுப் பல்சக்கரத்தின் மேல் போட்டால் புதுசையும் சேர்த்துத் தின்றுவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது செயினுக்குள் இருக்கிற பின்னும் புஷ்ஷும்தான். பல்சக்கரம் எப்போதும் ஒரே பக்கமாய் உரசுவதால் புஷ் ஒரு பக்கம் மட்டுமே தேயும். பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி, அரை வட்டம் திருப்பி மாட்டினால் தேயாத பக்கம் வேலைக்கு வரும். பத்து பைசா உதிரிபாகம் வாங்காமல் செயினுக்கு மறுபிறவி. புல்டோசர் பராமரிப்புச் செலவில் பாதி வரைக்கும் இந்த அடிப்பாகமே தின்னும் என்பார்கள். அதனால் இது சின்ன சமாசாரமில்லை.

இந்தக் கழற்றி மாட்டும் வித்தை தேசத்துக்கே ஒரு காலத்தில் உதவியிருக்கிறது. மத்திய இந்தியாவில் லட்சக்கணக்கான ஏக்கரைக் 'கான்ஸ்' என்ற புல் பிடித்துக் கிடந்தது. நம் ஆற்றங்கரை நாணலின் ஜாதிதான். வேர் ஆழத்துக்கு ஓடும், மாட்டு ஏர் அசைக்க முடியாது. 1947-ல் மத்திய டிராக்டர் நிறுவனம் ஆரம்பித்தார்கள். முதல் வண்டிகள், யுத்தம் முடிந்து அமெரிக்க ராணுவம் இங்கே விட்டுப்போன பழசுகள். பழுது பார்த்துத்தான் ஓட்டினார்கள். புது டிராக்டர்களுக்கு உலக வங்கி ஒரு கோடி டாலர் கடன் கொடுத்தது 1949-ல்தான்.

அதே சமயம் ஆப்பிரிக்காவில் வெள்ளைக்காரர்கள் நம் மல்லாட்டையையே பயிரிடப் போனார்கள். இப்போதைய டான்சானியாவில் 1947-ல் தொடங்கிய திட்டம். யுத்தத்தில் மிஞ்சிய பழைய டிராக்டர்களை பிலிப்பைன்ஸிலிருந்தெல்லாம் வாங்கிக் கப்பலேற்றினார்கள். ஷெர்மன் டாங்கிகளைக்கூட டிராக்டராக மாற்றினார்கள். ஆனால் பழுது பார்க்க ஒழுங்கான பட்டறையும் ஆளும் தயாராவதற்கு முன்பே வண்டிகள் வந்துவிட்டன, வந்த வேகத்தில் படுத்தும் விட்டன. மண்ணும் மழையும்கூட ஒத்துழைக்கவில்லை. 1951-ல் 3 கோடியே 60 லட்சம் பவுனைக் கணக்கிலிருந்து தள்ளுபடி செய்துவிட்டுக் கையைக் கழுவினார்கள். நம் மேஸ்திரி மாதிரி நூறு பேரைக் கூட்டிப் போயிருந்தால் கொஞ்சமாவது தேறியிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

இளைஞர் விஷயத்துக்கு வருவோம். அடிச்சட்டம் போனது அப்பா வண்டி. ஆகவே சாக வேண்டியது அப்பா வண்டி. ரெண்டு நாள் அவர் கொட்டகைப் பக்கமே வரவில்லையாம். மூன்றாம் நாள் ஒரு யோசனையோடு வந்தார்.

"இன்ஜின் மாத்து. ஆனா அப்பா வண்டியோட நம்பர் பிளேட்டையும் கழட்டி அதில அடிச்சுடு மேஸ்திரி. அப்பா வண்டியாவே இருக்கட்டும்."

"அது மட்டும் ஆவாது."

"ஏன்? தேருக்குச் சக்கரம் மாத்தறாங்க, அச்சு மாத்தறாங்க. அண்ணாமலையார் தேர் அண்ணாமலையார் தேராத்தானே இருக்குது?"

"இருக்குது. அதுக்காகப் பக்கத்து ஊர்த் தேர்ல நம்ம ஊர் பேரை எழுதலாமா?"

இளைஞரிடம் பதில் இல்லை. மேஸ்திரியே தொடர்ந்தார். "நாளைக்கு நீ விப்பே. வாங்கறவன் இந்த நம்பரை நம்பிப் பாகம் வாங்குவான், எதுவும் பொருந்தாது. என்னைத்தான் திட்டுவான்."

அப்புறம் மேஸ்திரி ஒன்று செய்தார். அப்பா வண்டியிலிருந்து இன்ஜினோடு ரெண்டு ஸ்டீயரிங் லீவரையும் கழற்றி வைத்தார். ஏலத்து வண்டியின் லீவர்களில் கோளாறே கிடையாது. அப்பா வண்டி லீவர்களின் கைப்பிடிதான் இருபது வருஷம் உள்ளங்கை பட்டு வழவழவென்று தேய்ந்திருந்தது. பள்ளிக்கூட நோட்டு ஒன்றில், எதிலிருந்து எது எதற்குப் போனது என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தார். லீவருக்கு நேரே காரணம் என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

வண்டி இப்போது ஓடுகிறது. செங்கம் பக்கம் ஒரு கரம்பைத் திருத்திக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

உங்கள் வீட்டுப் பரணில் ஓடாத மிக்ஸி ரெண்டு இருந்தால் ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரைத் தொடுமுன் எது சாகணும் என்று முடிவு செய்யுங்கள். ரெண்டில் ஒன்று மாமனார் வீட்டுச் சீதனம் என்றால் மட்டும் அந்த முடிவை நீங்கள் எடுக்காதீர்கள்.