இனாம் யாருக்கு?

'இனாம்' அரபுச் சொல். அருட்கொடை என்பது பொருள். வரியை நீக்கியோ குறைத்தோ வழங்கிய நிலத்துக்கு இந்நாட்டில் அப்பெயர் நிலைத்தது. (பள்ளிவாசலும் கோயிலும் பெற்றதுண்டு, மறைப்பானேன்?) தமிழகத்தில் 1948, 1963ஆம் ஆண்டுச் சட்டங்கள் அதனை ஒழித்தன. வயலில் ஒழிந்த இனாம் வரவு செலவுத் திட்டத்தில் செழிக்கிறது என்போம் நாம்.

வரவேண்டிய வரியை வாங்காது விடுவதே வரிச்சலுகை. எடுத்துக் கொடுத்தாலும் வாங்காது விட்டாலும் கருவூலத்துக்குக் குறைவு ஒன்றே. ஆயினும் ஏழை பெற்றால் 'இலவசம்' என்று இகழ்ச்சி. செல்வர் பெற்றால் 'ஊக்கம்' என்று புகழ்ச்சி!

2019 செப்டம்பரில், பிற சலுகைகளைத் துறக்கும் கம்பெனிகளுக்கு அடிப்படை வரி 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆயிற்று. ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் குறையும் என்று அரசே அறிவித்தது. 2022 ஜூலையிலோ, வணிகப் பெயரில்லாத 25 கிலோ வரையிலான பை அரிசிக்கும் 5 விழுக்காடு வரி விழுந்தது.

நடுத்தர மக்களுக்கும் சலுகை உண்டே என்பர். உண்டு. பழைய வருமான வரி முறையில் 1,50,000 ரூபாய் சேமித்தால் 30 விழுக்காடு செலுத்துபவருக்கு 45,000 மிச்சம், 20 விழுக்காடு செலுத்துபவருக்கு 30,000, கூலிக்காரருக்கு ஒன்றுமில்லை. உயர்ந்த இடத்துக்கே கூடுதலாகப் பாயும் விந்தை நீர் இது!

ரேஷன் அரிசிக்கு மூதாட்டியின் விரல்ரேகை கேட்கும் அரசு, எந்தக் கம்பெனி எவ்வளவு சலுகை பெற்றது என்பதைப் பெயரோடு ஆண்டுதோறும் வெளியிடட்டும்.